நர்சிங் முடித்தால் எல்லோரும் வெளிநாடுதானா? மலையகப் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி

மலைமுகில் (தலவாக்கலை)
திங்கள், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். நான் இலங்கையில் அரச தாதியர் பயிற்சிக் கல்லூரி ஒன்றில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வீடு தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். அம்மா கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறார், அப்பா ஃபெக்டரியில் வேலை.

போன வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் மேசையில் ஏழு பேர் இருந்தோம். பேச்சு எப்படியோ படித்து முடித்த பிறகு என்ன என்பதில் வந்து நின்றது. எந்த ஆஸ்பத்திரி என்று யாரும் கேட்கவில்லை, எந்த நாடு என்றுதான் கேட்டார்கள். ஒருத்திக்கு இங்கிலாந்து, இரண்டு பேருக்கு ஜேர்மனி, ஒருத்திக்கு மாமா இருக்கிற கனடா, இன்னும் இரண்டு பேருக்கு வளைகுடாவில் எந்த நாடானாலும் சரி. மிஞ்சியவள் நான். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் என் போனில் இரண்டு மாதமாக ஜேர்மன் மொழியின் முதல் நிலையான ஏ1 பாடம் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை அவர்களிடம் சொல்ல ஏனோ வாய் வரவில்லை.

அதே வாரம் பெண்கள் வார்டில் பயிற்சி. ஒரு பாட்டிக்கு டிக்கெட் வெட்டியாகிவிட்டது, வீட்டுக்குப் போக வேண்டும். கையில் நான்கு மருந்து உறைகள். எந்த மாத்திரை எப்போது என்று அவருக்குத் தெரியவில்லை, எழுத்தும் தெரியாது. நான் உறைகளில் பேனாவால் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுத்தேன். சாப்பாட்டுக்கு முன் போட வேண்டிய மாத்திரைக்கு வெறும் கோப்பை, பின் என்றால் நிறைந்த கோப்பை. பக்கத்துக் கட்டில்களில் இருந்த மூன்று பேர் தங்கள் உறைகளையும் நீட்டினார்கள். அவர்கள் ஒவ்வொருவரும் அதற்கு முன்பும் மருந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவர்கள்தான்.

அன்றிரவு பாடத்தைத் திறக்க மனம் வரவில்லை. மறுநாள் திறந்தேன்.

நாங்கள் ஏன் படிக்கும்போதே போகத் திட்டம் போடுகிறோம்? சம்பளம் மட்டும்தானா? போனவர்கள், போகாதவர்கள், திரும்பி வந்தவர்கள் யாராக இருந்தாலும் எழுதுங்கள்.

---

தேயிலைச்சாயம் (ஹட்டன்)
திங்கள், இரவு 10.15

தங்கச்சி, நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவன். நீங்கள் சொல்லும் பேச்சு நர்சிங் கல்லூரியில் தொடங்குவதில்லை, என் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது. "சேர், எது படிச்சா சீக்கிரம் வெளிய போகலாம்?" என்று கேட்கிறார்கள்.

சம்பளம் காரணமா என்றால், ஆமாம். ஆனால் அந்தச் சம்பளத்தை எதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். தோட்டத்தில் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனது 2021இல். 2024இல் 1,350. அதுவும் குறித்த கிலோ பறிக்காவிட்டால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம். அந்த வீட்டிலிருந்து ஒரு பிள்ளை விஞ்ஞானப் பிரிவில் படிப்பதென்றால், முதலில் அந்தப் பிரிவு இருக்கிற பாடசாலை வேண்டும். எங்கள் பக்கத்தில் அது சொற்பம். பிறகு பஸ் காசு, டியூஷன், விடுதி, பயிற்சிக்கு ஆள் கேட்டு வர்த்தமானி அறிவித்தல் வரும்வரை காத்திருப்பு. இத்தனைக்கும் வீட்டில் யாரோ கடன் வாங்கியிருப்பார்கள், தாலிக்கொடி அடகுக்கடையில் இருக்கும்.

அதனால் பிள்ளை தன் முதல் சம்பளத்தைக் கனவு காணும்போதே அதில் பாதி கடனுக்குப் போய்விடுகிறது. 2022இல் இரண்டு மாதத்துக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் பக்கம் போனதை இந்தப் பிள்ளைகள் பத்தாம், பதினோராம் வகுப்பில் இருந்தபடி பார்த்தார்கள். அரசாங்க வேலை என்றால் பயமில்லை என்று நம் தலைமுறை நம்பிய நம்பிக்கை அந்த வருடத்தில் உடைந்தது. அது மறுபடி ஒட்டவில்லை.

---

இரவுப்பணி (மத்திய மாகாணம்)
செவ்வாய், காலை 6.50

இப்போதுதான் நைட் முடித்து வந்தேன். தூங்கப் போவதற்கு முன் எழுதிவிடுகிறேன். இந்த வேலையில் எனக்குப் பதினோராவது வருடம். ஆதார வைத்தியசாலை, மருத்துவ வார்டு.

மலைமுகில் தங்கச்சி, நீங்கள் உறையில் நிலா வரைந்தீர்கள் அல்லவா, அதையே பதினோரு வருடமாகச் செய்கிறேன். இப்போது நான் இருக்கும் ஷிஃப்டில் தமிழ் பேசுகிற தாதி நான் ஒருத்திதான். என் வார்டில் வேலை முடிந்தாலும் பக்கத்து வார்டிலிருந்து கூப்பிடுவார்கள், ஒரு நோயாளி என்ன சொல்கிறார் என்று கேட்டுச் சொல்ல வேண்டும். சிங்கள சகோதரிகள் நல்லவர்கள். பலர் தமிழ் படிக்க முயல்கிறார்கள். ஆனாலும் ராத்திரி இரண்டு மணிக்கு நோயாளி பேசுவது பாடப்புத்தகத் தமிழ் இல்லை.

ஒரு நாள் ஓர் அம்மா "தல கிறுகிறுங்குது, கண்ணு இருட்டுது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தலையைத் தொட்டுக் காட்டியதால் தலைவலி என்று குறிக்கப்பட்டது. நான் தற்செயலாக அந்தப் பக்கம் போனேன். சீனி வருத்தக்காரர், இன்சுலின் போட்டிருக்கிறது, இரவுச் சாப்பாடு சாப்பிடவில்லை. விரலில் குத்திப் பார்த்தால் சீனி மிகக் கீழே. உடனே குளுக்கோஸ் ஏற்றினோம், எழும்பி உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு வேலையில் இருந்த சகோதரியின் பிழை இல்லை இது. அவருக்கு நாற்பதுக்கு மேல் நோயாளிகள். கூட இருந்தது இன்னொருவர்தான்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். என்னோடு சேர்ந்தவர்களில் பலர் போய்விட்டார்கள். 2022இல் அரச ஊழியர் ஐந்து வருடம்வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு போகலாம் என்று சுற்றறிக்கை வந்தபோது ஒரே வருடத்தில் எங்கள் தாதியர் பட்டியல் மெலிந்து போனதைக் கண்ணால் பார்த்தேன். போனவர்களின் வேலையை இருப்பவர்கள் பிரித்து எடுத்துக்கொண்டோம். அதில் களைத்துப் போனவர்கள் அடுத்து விண்ணப்பித்தார்கள். ஒருவர் போவதே அடுத்தவர் போவதற்குக் காரணமாகிறது. இதை வெளியே இருப்பவர்கள் கணக்கில் எடுப்பதே இல்லை.

பிறகு ஓவர்டைம். அடிப்படைச் சம்பளம் கொஞ்சம், மேலதிக நேரம் செய்துதான் மாதம் ஓடும். 2025 வரவு செலவுத் திட்டத்தில் அரச சேவையின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250இலிருந்து 40,000க்குக் கூட்டினார்கள். கூடவே மேலதிக நேரத்தைக் கணக்கிடும் முறையை மாற்றியதால்தான் அந்த மார்ச்சில் தாதியர் வீதிக்கு வந்தார்கள். சம்பளம் கூடியும் ஏன் போராட்டம் என்று பஸ்ஸில் ஒருவர் என்னிடம் கேட்டார். ஓவர்டைமை நம்பி வீட்டுக் கடன் எடுத்தவளுக்குத்தான் அதன் காரணம் தெரியும்.

இன்னும் ஒன்று இருக்கிறது, யாரும் வாய்விட்டுச் சொல்லாதது. பதினோரு வருடத்தில் நான் புதிதாகக் கற்றது குறைவு. ஐ.சி.யு. பயிற்சிக்கு இரண்டு முறை பெயர் கொடுத்தேன், வார்டில் ஆள் இல்லை என்று விடவில்லை. மாணவிகள் வார்டுக்கு வந்து எங்கள் முகத்தைப் பார்க்கிறார்கள். பத்து வருடத்தில் தாங்கள் எப்படி இருப்பார்கள் என்று அந்த முகத்தில் தெரிந்துகொள்கிறார்கள். அங்கேதான் முடிவு எடுக்கப்படுகிறது என்று நான் நினைக்கிறேன்.

---

ஊவா_வாசி (பண்டாரவளை)
செவ்வாய், பகல் 12.30

எல்லோர் கஷ்டமும் புரிகிறது. ஆனால் ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. அரச கல்லூரியில் மூன்று வருடப் பயிற்சி இலவசம், அதோடு மாதக் கொடுப்பனவும் உண்டு. அந்தப் பணம் யாருடையது? தேயிலை பறிக்கிற கையும் பருப்பு வாங்கும்போது வரி கட்டுகிறது. அந்தப் பணத்தில் படித்துவிட்டு ஜேர்மனியில் ஒரு முதியவரைக் குளிப்பாட்டப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. என் தாயார் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சேலைன் தீர்ந்ததைப் பார்க்க ஆள் இல்லாமல் நானே ஓடி ஓடிக் கூப்பிட்டேன். போகிறவர்களைத் திட்டவில்லை. அந்த இரவை மட்டும் மறக்க முடியவில்லை.

---

மலைமுகில்
செவ்வாய், இரவு 8.05

ஊவா_வாசி அண்ணா, நீங்கள் எழுதியதை மூன்று முறை வாசித்தேன். கோபம் வரவில்லை. நானும் எனக்குள் இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். நான் நாலாம் வகுப்பில் இருந்தபோது அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார். ஐந்து வருடம். நான் பெரிய பிள்ளையானபோது அம்மா பக்கத்தில் இல்லை. அந்தப் பணத்தில்தான் என் ஏ.எல். நடந்தது. அதனால் வெளிநாடு என்பது எங்கள் வீட்டில் புதுச் சொல் இல்லை. அம்மா துடைப்பத்தோடு போனார், நான் பதிவுச் சான்றிதழோடு போகலாம் என்று நினைக்கும்போது அது எனக்குத் துரோகமாகத் தெரியவில்லை, ஒரு படி மேலே ஏறுவதாகத்தான் தெரிகிறது. அதே நேரம் உங்கள் தாயாரின் சேலைனும் என் கண்ணில் நிற்கிறது.

---

பழைய_டிஸ்பென்சரி (மஸ்கெலியா)
செவ்வாய், இரவு 9.20

தோட்ட வைத்திய உதவியாளராக முப்பது வருடத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன். பிள்ளைகள் பேசுவதைப் பார்த்து எழுதுகிறேன்.

நம் சனம் இந்த மலைக்கு வந்து 2023இல் இருநூறு வருடம் ஆயிற்று. 1948இல் குடியுரிமை போனது. 2003 சட்டத்தோடுதான் அந்தக் கதை ஓரளவு முடிவுக்கு வந்தது. குடியுரிமை இல்லாதவருக்கு அரச உத்தியோகம் ஏது? நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மலையகத்துத் தமிழ்ப் பெண் ஒருத்தி வெள்ளை உடுப்போடு வார்டில் நின்றால் அவளைப் பார்க்கவே ஆட்கள் வருவார்கள். தோட்டத்தில் இருந்ததெல்லாம் ஒரு டிஸ்பென்சரி, ஒரு மிட்வைஃப், நான். அவசரம் என்றால் தோட்ட லொறியில் பலகை போட்டுப் படுக்கவைத்து ஹட்டனுக்கோ டிக்கோயாவுக்கோ கொண்டுபோக வேண்டும். பிரசவ வலியோடு வந்த பெண்களை அப்படி அனுப்பியிருக்கிறேன். சிலர் லொறியிலேயே பெற்றார்கள்.

தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் எடுக்கும் வேலை இன்னும் முழுதாக முடியவில்லை. டிக்கோயாவில் இந்திய உதவியில் 150 கட்டில் கட்டடம் வந்தது, 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் மோடி வந்து திறந்தார். அன்றைக்கு நானும் கூட்டத்தில் நின்றேன், கண் கலங்கினேன். கட்டடம் வருவது பெரிய காரியம். ஆனால் நம் பாஷை பேசுகிற தாதி ஒருத்தியை உருவாக்க அந்தக் கட்டடம் கட்டியதைவிட நாளாகும்.

பிள்ளைகளைப் போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. இந்தத் தோட்டத்தை விட்டு வெளியே போனால்தான் விடிவு என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர்களே நாங்கள்தான்.

---

பாலைக்காற்று (பதுளை)
புதன், காலை 10.10

நான் திரும்பி வந்தவள். சவூதியில் எட்டு வருடம்.

போன கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இங்கே அரச வைத்தியசாலையில் நான்கு வருடம் வேலை செய்தேன். அண்ணனின் கடன், தங்கையின் கலியாணம் என்று வீட்டில் நெருக்கினார்கள். அப்போது ஐந்து வருட விடுமுறையெல்லாம் இல்லை, ராஜினாமா செய்துவிட்டுப் போனேன். சான்றிதழ்களை டேட்டாஃப்ளோ மூலம் சரிபார்க்க வேண்டும், ப்ரொமெட்ரிக் பரீட்சை பாஸ் பண்ண வேண்டும். பரீட்சை கஷ்டமில்லை. ஒவ்வொரு சான்றிதழுக்கும் பதில் வரும்வரை காத்திருந்ததுதான் கஷ்டம்.

அங்கே நான் ஐ.சி.யு.வில் வேலை செய்தேன். எனக்கு இரண்டு நோயாளிகள். இரண்டே இரண்டு! முதல் வாரம் எனக்குக் கை ஓடவில்லை. ஏதோ வேலையை மறந்துவிட்டேன் என்றே தோன்றிக்கொண்டிருந்தது. ஒரு நோயாளியின் முதுகைத் திருப்பி, புண் வராமல் எண்ணெய் தடவி, கண் இமையைத் துடைத்து, வாயைச் சுத்தம் செய்து, இத்தனையும் செய்து முடித்த பிறகும் நேரம் இருந்தது. கல்லூரியில் படித்த நர்சிங்கை முதல் தடவையாக அங்கேதான் செய்தேன். வெளிநாட்டுக் காசைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். எனக்கு அந்த நேரம்தான் பெரிய சம்பளமாக இருந்தது.

கூட இருந்தவர்கள் அதிகமும் கேரளப் பிள்ளைகள், பிலிப்பைன்ஸ் பிள்ளைகள். கேரளத்துத் தாதியர் 1960களிலேயே மேற்கு ஜேர்மனிக்குப் போனவர்கள். அவர்களுக்குத் தாய், சித்தி என்று வரிசையாக வழிகாட்ட ஆள் உண்டு. எந்தப் பரீட்சைக்கு எந்தப் புத்தகம், எந்த ஆஸ்பத்திரியில் ஒப்பந்தம் நல்லது, எல்லாம் தெரிந்து வருவார்கள். நாம் ஏஜென்ட் சொன்னதை நம்பிப் போகிறோம்.

இனி இழந்ததைச் சொல்ல வேண்டும். அப்பா படுக்கையில் விழுந்தபோது விடுமுறை கிடைக்க மூன்று வாரமானது. வந்து சேர்ந்தபோது அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. ஊரார் நோயாளிகளுக்கெல்லாம் வாய் துடைத்துவிட்டவள் நான். என் அப்பாவுக்குக் கடைசிப் பதினொரு நாள்தான் செய்ய முடிந்தது.

திரும்பி வந்தபின் அரச சேவையில் மறுபடி சேர எனக்கு வழி கிடைக்கவில்லை. தனியார் இடம் ஒன்றில் புதிதாக வந்தவளுக்குக் கொடுக்கும் சம்பளம்தான் கொடுத்தார்கள், எட்டு வருட ஐ.சி.யு. அனுபவத்தை ஒரு வரியாகக்கூட எழுதிக்கொள்ளவில்லை. போகிறவர்களைப் பற்றி இத்தனை பேச்சு. திரும்பி வருகிறவளுக்கு ஒரு கதவு வைக்க யாரும் யோசிப்பதில்லை. அந்தக் கதவு இருந்தால் பாதிப் பேர் நாற்பது வயதுக்குள் வந்துவிடுவார்கள் என்று அங்கே என்னோடு இருந்தவர்களை வைத்துச் சொல்கிறேன்.

---

பிள்ளையின்_அப்பா (பொகவந்தலாவை)
புதன், மாலை 5.45

எனக்கு எழுத வராது, மகனிடம் சொல்லி எழுதுகிறேன். என் மகள் ஏ.எல். கலைப்பிரிவு. டவுனில் ஒரு இடத்தில் நர்சிங் கோர்ஸ் என்று போர்டு போட்டிருந்தார்கள். ஒரு வருடம், வெள்ளை உடுப்பு, தொப்பி, படம் எல்லாம் எடுத்தார்கள். முடித்தால் லண்டனில் நர்ஸ் வேலை என்றார்கள். மூன்று தவணையில் பணம் கட்டினேன், ஈ.பி.எஃப்.ஐ நம்பி வட்டிக்கு வாங்கியது. முடித்த பிறகு பார்த்தால் அரசாங்க ஆஸ்பத்திரியிலும் எடுக்க மாட்டார்களாம், லண்டனும் இல்லையாம். பிள்ளை அழுதுகொண்டு வீட்டில் இருக்கிறாள். இந்தச் சான்றிதழுக்கு என்ன மதிப்பு? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

இரவுப்பணி
புதன், இரவு 7.30

ஐயா, மகளை முதலில் அழ வேண்டாம் என்று சொல்லுங்கள். அவள் பிழை செய்யவில்லை.

இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும், அதனால் விரிவாக எழுதுகிறேன். நம் நாட்டில் பதிவுபெற்ற தாதி என்றால் இலங்கைத் தாதியர் பேரவையில் பதிந்து, அதற்கான இலக்கமும் சான்றிதழும் காட்ட முடிந்தவர். அரச கல்லூரியின் மூன்று வருட டிப்ளோமா, பேராதனை, யாழ்ப்பாணம் போன்ற பல்கலைக்கழகங்களின் நான்கு வருடப் பட்டம், இந்த வழியில் வந்தால் தெளிவான பாதை. ஆறு மாதம், ஒரு வருடம் என்று டவுனில் நடக்கிற கோர்ஸ்கள் பெரும்பாலும் தாதி உதவியாளர் அல்லது பராமரிப்பாளர் பயிற்சி. அதுவும் மரியாதையான வேலைதான். நர்ஸ் என்று பெயர் போட்டு விற்பதுதான் அநியாயம்.

மகளின் சான்றிதழில் என்.வி.க்யூ. (தேசிய தொழிற்தகைமை) முத்திரையும் மட்டமும் இருக்கிறதா பாருங்கள். மட்டம் 3, 4 இருந்தால் பராமரிப்பாளர் வேலைக்கு அது உதவும். இஸ்ரேலுக்கு வீட்டுப் பராமரிப்பாளர்களை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் மூலமே எடுக்கிறார்கள். ஜப்பானுக்கு மொழிப் பரீட்சையும் பராமரிப்புப் பரீட்சையும் எழுதிப் போகலாம். இங்கிலாந்து 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து புதிதாகப் பராமரிப்பாளர்களை எடுப்பதை நிறுத்திவிட்டது. இப்போது யாராவது லண்டன் கேர் வேலை என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

---

நடத்துநர்
புதன், இரவு 7.50

நிறுவனங்களின் பெயரை இங்கே எழுத வேண்டாம். ஏஜென்சிக்கு உரிமம் இருக்கிறதா, அது காலாவதியாகவில்லையா என்று பணியகத்திடம் கேட்கலாம், இலக்கம் 1989. பணம் கட்டுவதற்கு முன் கேளுங்கள். கட்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

---

ரைன்கரை (ஜேர்மனி, சொந்த ஊர் லுணுகலை)
வியாழன், அதிகாலை 1.20

மலைமுகில் தங்கச்சிக்காக எழுதுகிறேன். நான் இங்கே வந்து நான்காவது வருடம்.

ஏ1 என்பது வாசல்படி. உங்கள் டிப்ளோமாவை இங்கே அங்கீகரிக்க விண்ணப்பித்தால், உங்கள் பாடத்திட்டத்தை இந்த நாட்டுப் பாடத்திட்டத்தோடு ஒப்பிட்டு என்னென்ன குறைகிறது என்று கடிதம் அனுப்புவார்கள். அந்தக் குறையை நிரப்ப ஒரு பரீட்சை எழுதலாம், அல்லது ஆஸ்பத்திரியில் இணைப்புப் பயிற்சி செய்யலாம். அதுவரை உதவியாளராகத்தான் வேலை. முழுத் தாதியாகப் பதிய அநேகமாக பி2 மொழித் தேர்ச்சி வேண்டும், ஏ1, ஏ2, பி1 எல்லாம் தாண்டி வரும் நிலை அது. நான் பி1 முடித்து வந்தேன். பி2 இங்கே இரண்டாம் தடவைதான் பாஸ்.

இது ஏன் முக்கியம் தெரியுமா? ஊரில் நான் ஊசி போட்டவள், ட்ரிப் ஏற்றியவள். இங்கே முதல் பத்து மாதம் குளிப்பாட்டுவது, சாப்பாடு ஊட்டுவது, கட்டில் மாற்றுவது. இங்கே அதுவும் தாதியின் வேலைதான், உறவினர் வந்து செய்ய மாட்டார்கள். நம் ஊரில் அம்மாவோ அக்காவோ கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செய்கிற அத்தனையும் இங்கே நம் கைக்கு வரும். அதைத் தெரியாமல் வந்த இரண்டு பேர் மனம் உடைந்து போனதைப் பார்த்தேன்.

ஊவா_வாசி அண்ணா, முதியவரைக் குளிப்பாட்டப் போவதா என்று கேட்டீர்கள். என் வார்டில் ஒரு கிழவி, தொண்ணூறு தாண்டியவர். பிள்ளைகள் தூரம். குளிப்பாட்டி முடித்ததும் தலை சீவிவிட வேண்டும் என்பார். நான் சீவும்போது லயத்து வாசலில் அப்பாயிக்குப் பேன் பார்த்தது ஞாபகம் வரும். அந்த வேலை சிறியது என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அதை என் அப்பாயிக்குச் செய்ய நான் அங்கே இல்லை என்பதும் உண்மை.

பணம் வருகிறது. வரி, வாடகை, காப்புறுதி போக மிச்சத்தில் வீட்டுக் கடனை இரண்டரை வருடத்தில் அடைத்தேன். தம்பி கம்பஸில் இருக்கிறான். பனிக்காலத்தில் நாலரை மணிக்கே இருட்டிவிடும், அப்போது தனியாக அறையில் இருப்பது எனக்கு இன்னும் பழகவில்லை. ஆனால் ஒன்று, என் மேலாளர் போன மாதம் என்னைக் கூப்பிட்டு, காயப் பராமரிப்பில் சிறப்புப் பயிற்சி படிக்கிறாயா என்று கேட்டார். வேலை நேரத்திலேயே படிக்கலாம். நான் கேட்காமல் யாராவது என் படிப்பைப் பற்றிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

---

ஊவா_வாசி
வியாழன், பகல் 1.00

முதலில் ரைன்கரை தங்கச்சியிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அந்த வார்த்தையை நான் அப்படி எழுதியிருக்கக் கூடாது.

இரண்டு நாளாக இதைப் பற்றித் தேடி வாசித்தேன். உலகம் முழுக்க இதே கதைதான். உலக சுகாதார அமைப்பு 2025இல் வெளியிட்ட அறிக்கைப்படி உலகத்தில் தாதியர் 2 கோடியே 98 இலட்சம், பற்றாக்குறை 58 இலட்சம். ஏழில் ஒருவர் வேறு நாட்டில் பிறந்தவர். பணக்கார நாடுகளில் கிட்டத்தட்ட நாலில் ஒருவர். அவர்கள் தங்களுக்கு வேண்டிய அளவு பிள்ளைகளைத் தாங்களே படிப்பிக்கவில்லை, நம்மைப் போன்றவர்கள் படிப்பித்துக் கொடுக்கிறோம்.

இதற்கு 2010இல் ஒரு நடத்தை நெறி வந்தது. ஆள் பற்றாக்குறை கடுமையாக உள்ள நாடுகளில் போய்த் தீவிரமாக ஆள் பிடிக்கக் கூடாது என்பது அதன் சாரம். அப்படிப்பட்ட நாடுகளின் 2023 பட்டியலில் 55 நாடுகள் உண்டு, நேபாளமும் பங்களாதேஷும் பாகிஸ்தானும் அதில் இருக்கின்றன. இலங்கை இல்லை. நாட்டின் சராசரியைப் பார்த்தால் நாம் அவ்வளவு மோசமில்லை. அந்தச் சராசரிக்குள் ஒரு தோட்டத்து டிஸ்பென்சரி தெரியாது.

தடுத்தால் நிற்குமா என்றும் பார்த்தேன். பிலிப்பைன்ஸ் கொரோனா காலத்தில் வருடத்துக்கு 5,000 சுகாதார ஊழியர்தான் புதிதாகப் போகலாம் என்று கட்டுப்பாடு வைத்தது. அடுத்த வருடமே 6,500, பிறகு 7,000 என்று கூட்ட வேண்டி வந்தது. ஆகவே பூட்டுப் போடுவது வழியில்லை என்று ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் எது ஒருத்தியை இங்கே இருக்க வைக்கும்? இருப்பவர்களிடமே கேட்கிறேன்.

---

இரவுப்பணி
வியாழன், இரவு 10.40

நீங்கள் கேட்டதால் சொல்கிறேன் அண்ணா. எனக்கு ஜேர்மனிச் சம்பளம் வேண்டாம். ஐ.சி.யு. பயிற்சிக்கு விட வேண்டும். இரவு வேலை முடிந்து பஸ் இல்லாத நேரத்தில் தங்க ஒரு குவாட்டர்ஸ் அறை வேண்டும், இப்போது ஒரு அறையில் நாங்கள் நான்கு பேர். நான் இரண்டு பாஷையில் வேலை செய்கிறேன், பக்கத்து வார்டுக்கும் போகிறேன், அதை யாராவது ஒரு கடமையாகப் பதிந்து அதற்கு ஒரு கொடுப்பனவு தர வேண்டும். மலையகத்துப் பிள்ளைகளுக்கு முதல் நியமனமே மலையகத்தில் கொடுக்க வேண்டும். என் தோழி ஒருத்தியைத் தூர மாவட்டம் ஒன்றுக்குப் போட்டார்கள், மாற்றம் கேட்டு ஆறு வருடம் எழுதினாள். ஏழாம் வருடம் ஓமானிலிருந்து போன் எடுத்தாள்.

பாலைக்காற்று அக்கா சொன்ன கதவும் வேண்டும். அக்கா போன்ற ஒருவர் எங்கள் வார்டில் இருந்தால் நான் எவ்வளவு கற்றிருப்பேன் என்று நேற்று முழுக்க யோசித்தேன்.

---

பாலைக்காற்று
வெள்ளி, காலை 9.15

இரவுப்பணி தங்கச்சி, உங்கள் ஓய்வு நாளைச் சொல்லுங்கள். வென்டிலேட்டர் பற்றி என் கைக்குறிப்பு இரண்டு கொப்பி இருக்கிறது. பொகவந்தலாவை ஐயா, உங்கள் மகளையும் என்னிடம் பேசச் சொல்லுங்கள், சான்றிதழைப் பார்த்து என்ன செய்யலாம் என்று சொல்கிறேன். நடத்துநருக்குத் தனிச்செய்தியில் என் இலக்கத்தை அனுப்பியிருக்கிறேன்.

---

மலைமுகில்
ஞாயிறு, இரவு 8.30

வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். பழைய_டிஸ்பென்சரி ஐயாவின் லொறிக் கதை வந்ததும் அம்மா நிறுத்தச் சொன்னார். என் மூத்த அக்கா, பிறந்து ஒரு நாளில் இறந்த அக்கா, அப்படி ஒரு லொறியில்தான் பிறந்தாளாம். இதுவரை எனக்குத் தெரியாது.

ஜேர்மன் படிக்கிறேன் என்பதையும் அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "போறதுன்னா போ. ஏஜென்சிக்காரன் தாள நீட்டினா வீட்டுக்குக் கொண்டாந்து வாசிச்சுட்டுக் கையெழுத்துப் போடு. நான் கொழும்புல நின்னுக்கிட்டே போட்டேன், எத்தன மணி நேர வேலைன்னு அங்க போய்தான் தெரிஞ்சுது" என்றார். அதன் பிறகு அடுப்படிக்குப் போய்விட்டார். அப்பா மட்டும், "முதல்ல இங்க கொஞ்ச நாள் செஞ்சு பாரேன்" என்றார்.

நான் இப்போதைக்கு இப்படி நினைக்கிறேன். பயிற்சி முடித்து நியமனத்துக்கு விருப்பம் கேட்டால் டிக்கோயாவை முதலில் எழுதுவேன். பயிற்சிக்குச் சேரும்போது போட்ட பிணைக் காலத்தை முழுதாகச் செய்வேன். மருந்து உறையில் ஒட்டச் சூரியன், நிலா, கோப்பை படங்களை ஸ்டிக்கராக அடிக்க எவ்வளவு ஆகும் என்று ஹட்டனில் ஒரு அச்சகத்தில் விசாரித்தேன், வார்டு மிஸ்ஸிடம் அனுமதி கேட்க வேண்டும். ஜேர்மன் பாடத்தை விடவில்லை. பாலைக்காற்று அக்கா சொன்னதுபோல் ஒரு தாதிக்கு இரண்டே நோயாளிகள் இருக்கிற வார்டையும் எனக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். போனால் திரும்பி வர முடியுமா என்பதுதான் இப்போது பயம், போவது இல்லை.

சாப்பாட்டு மேசையிலும் சொல்லிவிட்டேன். ஜேர்மனி போகிற இரண்டு பேரும் என்னோடு சேர்ந்து படிக்க வருகிறார்கள். ஆனால் எங்களிடம் ஒரே ஒரு ஃபோட்டோக் கொப்பிப் புத்தகம்தான், அதிலும் கடைசி மூன்று பாடம் இல்லை.

---

தேயிலைச்சாயம்
ஞாயிறு, இரவு 8.55

என்னிடம் படித்த பிள்ளை ஒன்று ஏ1, ஏ2 புத்தகங்களை விட்டுவிட்டுப் போயிருக்கிறது, பயிற்சிப் புத்தகத்தோடு. நாளைக் காலை ஹட்டன் பஸ்ஸில் கொடுத்துவிடவா?

---

மலைமுகில்
ஞாயிறு, இரவு 9.02

கொடுத்துவிடுங்கள் சேர். நான் நாளைக்குக் காலையில்தான் கல்லூரிக்குப் போகிறேன், ஹட்டன் ஸ்டாண்டில் ஆறரைக்கு இறங்கி நானே வாங்கிக்கொள்கிறேன். உறைகளுக்கு ஒட்டிப் பார்க்க மாதிரி ஸ்டிக்கர் பத்து கையில் இருக்கும், பாருங்கள்.